முதல் அறிக்கையில் கிருமி, இரண்டாவதில் இல்லை: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 420 வீடுகள். உள்ளாட்சிக் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அதைத் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி வீடுகளுக்கு விடுகிறோம். மழை ஓய்ந்ததும் ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து, கடைசி பிளாக்கில் ஒரு வீட்டுச் சமையலறைக் குழாயில் தண்ணீர் எடுத்துப் போனார். 'மொத்தக் கோலிஃபார்ம் 9.2 எம்.பி.என்./100 மி.லி., ஈ. கோலி இல்லை' என்று அறிக்கை வந்தது. உடனே தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டோம். மறுநாள் நாங்களே தொட்டிக்குக் கீழே உள்ள குழாயில், ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து அதே ஆய்வகத்தில் கொடுத்தோம். கோலிஃபார்ம் 'இல்லை' என்று வந்துவிட்டது. பாதிப் பேர் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள்; மீதிப் பேர் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். எந்த அறிக்கையை நம்புவது ஐயா? அதென்ன 9.2, கிருமியில் கால் அரை உண்டா? விதிப்படி வருடத்துக்கு எத்தனை முறை சோதிக்க வேண்டும்? வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: முதல் அறிக்கையை நம்புங்கள். இரண்டாவதைக் கோப்பில் போட்டு வையுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம்.

இரண்டுமே ஒரே ஆய்வகத்தில் செய்ததுதானே என்பீர்கள். ஆய்வகத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீர் பிடித்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கிருமிச் சோதனைக்கென்று ஆய்வகம் கொடுக்கும் பாட்டில் கிருமி நீக்கி மூடியது. அதற்குள் கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். தண்ணீரில் இருக்கும் குளோரினை அது அந்தக் கணமே செயலிழக்க வைத்துவிடும். அது இல்லாத பாட்டிலில், குழாயை விட்டு வந்த பிறகும் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆய்வகம் போய்ச் சேர ஒன்றிரண்டு மணி நேரம் ஆனால் போதும், குழாயில் உயிரோடு வந்தவை பாட்டிலுக்குள் செத்திருக்கும். நீங்களோ முந்தின நாள்தான் தொட்டியில் பவுடரைக் கொட்டியிருக்கிறீர்கள். ஆகவே அந்த 'இல்லை' என்பது பாட்டிலில் சில மணி நேரம் இருந்த தண்ணீரைப் பற்றிய செய்தி. உங்கள் வீட்டுக் குழாயில் என்ன வந்தது என்பதை அது சொல்லவில்லை.

பிடித்த இடமும் மாறிவிட்டது. கிருமி தெரிந்தது கடைசி பிளாக்கில். நீங்கள் மறுபடி பிடித்தது தொட்டியடியில். தொட்டி சுத்தமாகவே இருந்து, நடுவில் எங்கோ குழாய் கசிந்தாலும் இதே இரண்டு முடிவுகள்தான் வந்திருக்கும். இரண்டாவது அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது', 'முடிவு பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்' என்பது போல இரண்டு வரிகள் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். ஆய்வகம் தன் பொறுப்பு எதுவரை என்று அங்கே சொல்லிவிட்டது. யாரும் படிப்பதில்லை.

சரி, எல்லாவற்றையும் முறையாகச் செய்து 'இல்லை' என்று வந்திருந்தால்? அப்போதும் ஒரே ஒரு 'இல்லை' முந்தைய 'உள்ளது'வை ரத்து செய்யாது. ஒரு லட்சம் லிட்டர் தொட்டியிலிருந்து 100 மில்லி எடுத்தால், அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிருமிகள் தண்ணீரில் உப்புக் கரைந்தது போலச் சமமாகப் பரவி இருப்பதில்லை. குழாயின் உட்சுவரில் படிந்த பாசிப்படலம் பெயர்ந்து வரும்போது கொத்தாக வரும். மோட்டார் போட்டு நிறுத்தும்போது ஏற்படும் அழுத்த மாற்றத்தில் வரும். மற்ற நேரம் ஒன்றுமே இருக்காது. அவ்வளவு சிறிய அளவில் ஒன்று சிக்கியது என்றால் அதற்கு மதிப்பு அதிகம். சிக்கவில்லை என்பதற்கு மதிப்பு குறைவு. சங்கத்தில் சண்டை போடும் இரு தரப்பும் இரண்டு அறிக்கைகளையும் சமமான சாட்சிகளாக எடுத்துக்கொண்டதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

9.2 பற்றி நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்த எண் அல்ல அது, கணக்குப் போட்டு வந்த எண். எம்.பி.என். என்பதே 'இருக்க வாய்ப்பு மிக அதிகமான எண்ணிக்கை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். உங்கள் ஆய்வகம் 100 மில்லியைப் பத்து மில்லி வீதம் 10 சோதனைக் குழாய்களில் பிரித்து, லாக்டோஸ் கலந்த ஊட்டக் கரைசலில் வளர்த்திருக்கிறது. எந்தக் குழாயில் ஒரு கோலிஃபார்மாவது இருந்ததோ அதில் வாயு வந்திருக்கும். 10 குழாயில் 6 குழாய் அப்படிக் காட்டினால், தண்ணீரில் எத்தனை கிருமி இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அட்டவணை சொல்லும்: 9.2. 5 குழாய் என்றால் 6.9, 7 குழாய் என்றால் 12. உண்மையான எண்ணிக்கை மூன்றாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அதனால் அடுத்த மாதம் 6.9 வந்தால் 'குறைந்துவிட்டது' என்று யாரும் வரைபடம் போட வேண்டாம். இந்த முறையில் '1.1-க்குக் கீழ்' என்று வந்தால்தான் எந்தக் குழாயிலும் எதுவும் வளரவில்லை என்று பொருள். வேறு முறைகளும் உண்டு. 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, வளரும் கூட்டங்களை எண்ணுவது ஒன்று. ஒரு நாளில் தண்ணீர் மஞ்சளானால் கோலிஃபார்ம், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் ஈ. கோலி என்று காட்டும் நொதிச் சோதனை இன்னொன்று. எந்த முறையில் செய்தார்கள் என்று அறிக்கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள்.

இப்போது கோலிஃபார்ம் இருக்கிறது, ஈ. கோலி இல்லை என்பதற்கு வருவோம். கோலிஃபார்ம் என்பது தனியொரு கிருமி அல்ல, ஒரு கூட்டத்துக்கு வைத்த பெயர். அதில் பல மண்ணிலும் செடியிலும் குழாய்ப் பாசியிலும் சாதாரணமாக வாழ்பவை. ஈ. கோலியின் இருப்பிடம் மனிதர், விலங்குகளின் குடல். அது தண்ணீரில் தெரிந்தால் அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். காலரா, டைபாய்டு கிருமிகளை நேரடியாகத் தேடாமல் இவற்றைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. நோய்க்கிருமிகள் வகை ஏராளம், எண்ணிக்கை சொற்பம், கண்டுபிடிக்க நாளும் செலவும் அதிகம். மலம் கலந்தால் ஈ. கோலி கட்டாயம் லட்சக்கணக்கில் கூட வரும். அதைத் தேடுவது சுலபம்.

ஆகவே உங்களுக்கு இது நல்ல செய்தியும் கூடத்தான். சாக்கடை நேராகக் கலந்ததற்கான அடையாளம் அந்த மாதிரியில் இல்லை. ஆனால் ஒன்று: கோலிஃபார்ம்கள் குளோரினுக்கு எளிதில் சாகிறவை. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் அவை உயிரோடு இருக்கின்றன என்றால், குளோரின் வழியில் தீர்ந்துவிட்டது, அல்லது அதற்குப் பிறகு எங்கோ வெளியிலிருந்து ஏதோ உள்ளே வந்திருக்கிறது. வந்த வழி இன்று மண்ணுக்குத் திறந்திருந்தால் நாளை சாக்கடைக்கும் திறந்திருக்கும்.

விதி என்ன சொல்கிறது என்றால், உங்கள் அறிக்கையின் அடியில் அச்சிட்டிருக்கக்கூடிய ஐ.எஸ். 10500 (2012) என்ற இந்தியத் தரநிர்ணயப்படி, குழாய் வலையில் உள்ள சுத்திகரித்த நீரின் எந்த 100 மில்லி மாதிரியிலும் ஈ. கோலியோ மொத்தக் கோலிஃபார்மோ தெரியக் கூடாது. இவ்வளவு என்றால் பரவாயில்லை என்ற சலுகை கிடையாது. அதோடு ஒரு குறிப்பும் இருக்கிறது: இரண்டில் எது தெரிந்தாலும் உடனே விசாரிக்க வேண்டும், மொத்தக் கோலிஃபார்ம் மட்டும் என்றால் குறைந்தபட்சம் மறுமாதிரி எடுக்க வேண்டும், அதிலும் தெரிந்தால் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நீங்கள் முதலில் பவுடரைப் போட்டுவிட்டுப் பிறகு மாதிரி எடுத்தீர்கள். பவுடர் போட்டதைக் குறை சொல்ல மாட்டேன், குடிக்கிறவர்களைக் காப்பது முதல் வேலை. ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒழுங்கான பாட்டிலில் பிடித்து வைத்திருந்தால் காரணம் பாதி தெரிந்திருக்கும்.

மறுமாதிரியை எப்படி எடுப்பது என்பதில் அமெரிக்க விதி எனக்குப் பிடித்தது. கோலிஃபார்ம் தெரிந்த செய்தி வந்த 24 மணி நேரத்துக்குள் குறைந்தது மூன்று மாதிரி. ஒன்று அதே குழாயில். ஒன்று தண்ணீர் வரும் திசையில் மேலே ஐந்து இணைப்புகளுக்குள். இன்னொன்று கீழே ஐந்து இணைப்புகளுக்குள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோளாறு அந்த வீட்டுக் குழாயிலா, அந்தத் தெருக் குழாயிலா, மூலத்திலேயா என்று தெரிந்துவிடும். உங்களுக்கும் இதையே சொல்கிறேன்: அதே சமையலறைக் குழாய், அதே பிளாக்கில் முந்தைய வீடு ஒன்று, மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டியில் விழும் உள்ளாட்சித் தண்ணீர். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அங்கேயே கிருமி இருந்தால் நீங்கள் எவ்வளவு தொட்டி கழுவினாலும் பயன் இல்லை, உள்ளாட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எத்தனை முறை என்பதற்கு ஒரே விடை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 5,000 பேருக்குக் குறைவான குழாய் விநியோகத்துக்கு ஆண்டுக்கு 12 மாதிரி என்கிறது. உங்கள் அளவுள்ள விநியோகத்துக்கு, அதாவது 1,001 முதல் 2,500 பேர் வரை, அமெரிக்க விதி மாதம் இரண்டு கேட்கிறது. கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டம் கிருமிச் சோதனையை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் செய்யச் சொல்கிறது. உங்களைப் போலச் சொந்தத் தொட்டி வைத்து விநியோகிக்கிறவர்கள் மாதம் ஒன்று செய்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே குழாயில் வேண்டாம். சுற்றி வாருங்கள், கடைசி வீடுகள் அடிக்கடி வரட்டும். தண்ணீர் அதிக நேரம் தேங்குவதும் குளோரின் முதலில் தீர்வதும் அங்கேதான்.

கிருமிச் சோதனையை மாதம் நூறு முறை செய்தாலும் ஒரு குறை மாறாது. முடிவு வர ஒரு நாள் ஆகும். மேலே சொன்ன பல சோதனைக் குழாய் முறையில் உறுதிச் சோதனையும் சேர்ந்தால் நாலு நாள்கூட ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீரை எல்லாரும் குடித்தாகிவிட்டது. அன்றன்றைக்குக் காவல் காப்பது குளோரின் அளவுதான். ஐ.எஸ். 10500 பயனாளியின் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் கேட்கிறது. இதை அளக்க ஆய்வகம் வேண்டாம். டிபிடி என்ற குளோரின் சோதனை மாத்திரையும் ஒரு சிறு பெட்டியும் போதும். தண்ணீர் இளஞ்சிவப்பாகும், வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் இரண்டு நிமிட வேலை. மஞ்சளாகும் ஆர்த்தோடாலிடின் கரைசலை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அது வேறு பொருளோடு சேர்ந்து வீரியம் குறைந்துபோன குளோரினையும் சேர்த்துக் காட்டும் என்பதால் டிபிடிக்கு மாறிவிடுங்கள். தினமும் காலையில் கடைசி பிளாக்கில் ஒருவர் அளந்து நோட்டில் எழுதட்டும். 0.5 வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று 0 வந்தால், ஆய்வகத்துக்குக் காத்திராமல் அன்றே தேட ஆரம்பிக்கலாம்.

ஆனால் அளந்து எழுத வேண்டும், அளக்காமல் எழுதக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று 5,000 பேர் அளவுள்ள ஒரு சிறிய ஊர். 2000 மே மாதம் பெருமழையில், பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணம் ஆழமில்லாத ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. அதோடு வந்தது ஈ. கோலியிலேயே கொடிய வகையான ஓ157:எச்7. சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். அங்கே குளோரின் நோட்டுப் புத்தகம் இருந்தது. ஊழியர்கள் பல வருடங்களாக அளக்காமலே 0.5, 0.75 என்று நிரப்பி வந்தார்கள். ஒரு இடத்தில் பிடித்த தண்ணீருக்கு வேறு இடத்தின் பெயரை எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மே 17 அன்று ஆய்வகம் கிருமி இருப்பதாகச் சொல்லியும், பொறுப்பாளர் சுகாதார அதிகாரியிடம் மூச்சு விடவில்லை. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லும் எச்சரிக்கை மே 21 அன்றுதான் வந்தது. பிறகு நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் நடந்த விசாரணை, அந்தக் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி இருந்திருந்தாலே இதைத் தடுத்திருக்கலாம் என்று சொன்னது. ஆகவே முதல் அறிக்கையைப் பயந்து மறைக்க வேண்டாம். 420 வீட்டுக்கும் அதை அனுப்புங்கள், அதோடு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

காரணத்தைத் தேடும்போது என் சந்தேகம் முதலில் தரைத்தொட்டியின் மேல்தான். மழைக்குப் பிறகு வந்த கோலிஃபார்ம் பெரும்பாலும் மூடியின் விளிம்பிலோ சுவர் வெடிப்பிலோ உள்ளே போன தண்ணீரோடு வந்ததாக இருக்கும். மூடி தரைமட்டத்துக்குச் சமமாக இருக்கிறதா, பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா, வழிந்தோடும் குழாயில் வலை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் ஏற்பாடே ஒரு ஆபத்து. தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். சிறு ஓட்டை இருந்தால் வெளியே உள்ள சேற்று நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நேரடி இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைத் தொட்டியில் சேர்க்காமல் சில நிமிடம் வெளியே விடுங்கள்.

பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளிப் போடுவதை நிறுத்துங்கள். 25 சதவீதக் குளோரின் உள்ள தூள் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். பிரித்து வைத்த மூட்டை நாளாக நாளாக வீரியம் இழக்கும், அதனால் கணக்கை நம்பாமல் அரை மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றவும். தொட்டி அடியில் வண்டல் இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும், முதலில் கழுவுங்கள்.

மறுமாதிரி முடிவுகள் வரும்வரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். ஈ. கோலி இல்லாததால் இது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைக்குழந்தை, முதியவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் உள்ள வீடுகளில் தவிர்க்க வேண்டாம். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். கோலிஃபார்ம் 'இல்லை' என்பதும் எல்லாக் கிருமிக்கும் உத்தரவாதம் ஆகாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய்த் தண்ணீரில் கலந்து ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கொதி அதையும் கொல்லும்.

ஆர்.ஓ. வீட்டுக்காரர்களுக்கும் கவலை உண்டு. அதற்குள் இருக்கும் கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். அதன் பிறகு சேமிப்புப் பகுதியில் தேங்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. வடிகட்டியைக் காலத்தில் மாற்றாத கருவியில் கிருமி பெருகும். டிடிஎஸ் மீட்டர் 50 காட்டுகிறது என்று காட்டுவார்கள். அது கரைந்த உப்பின் அளவு, கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பல் துலக்குவதும் காய்கறி கழுவுவதும் எப்படியும் சாதாரணக் குழாயில்தான்.

அடுத்த மாதிரிக்கு முதலில் ஆய்வகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவர்கள் பாட்டிலையே வாங்குங்கள். குழாய் முனையில் மாட்டிய வலையைக் கழற்றி, உலோகக் குழாய் என்றால் தீயில் காட்டி, பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். அப்போதே குளோரினை அளந்து பாட்டில் மேல் எழுதுங்கள். பாட்டிலைக் கழுவக் கூடாது, உள்ளே இருப்பது போய்விடும். மூடியைக் கீழே வைக்கக் கூடாது. கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடவும். ஐஸ் பெட்டியில் வைத்து முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், எப்படியும் அதே நாளில் சேர்த்துவிடுங்கள். வார இறுதியில் மாதிரி வாங்காத ஆய்வகங்கள் உண்டு, அதனால் திங்களோ செவ்வாயோ காலையில் பிடிப்பது வசதி.